எது முதலோ அது

புத்தகத்தில் போட்டிருக்கிறது:
பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு,
எது முதலில் வருகிறதோ அது.
எழுதியவர்
புதுவயல் மில் வாசலில்
பதினோராவது வண்டியாக நின்றவரில்லை.

இங்கே இன்ஜினை அணைத்தால் இடம் போய்விடும்.
முன்வண்டி ஒரு முழம் நகர்ந்தால்
நாமும் ஒரு முழம்.
தவிட்டுத் தூசி, நெல் அவிக்கும் ஆவி,
நாற்பது நிமிடம், ஐம்பது.
மீட்டரில் ஒன்றும் ஏறாது.
எண்ணெய் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

சவரிமுத்து ஐயாயிரம் என்கிறான்.
எந்த வண்டி வந்தாலும் ஐயாயிரம்தான்.
வீட்டில் அரிசி விலை கேட்டாலும்
அதையே சொல்வான்போல.

கழனிவாசல் கடையில் வயிரவன்
இரண்டு கேனை மேசைமேல் வைத்தார்.
ஒன்று சாதா, பதினைந்து டபிள்யூ நாற்பது.
ஒன்று சிந்தெடிக், ஐந்து டபிள்யூ,
விலை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட.
"அதை இரண்டு தடவை மாத்துறதும்
இதை ஒரு தடவை மாத்துறதும் ஒண்ணுதான்,
போட்டுப் பாருங்க."
பில்லின் முதுகிலேயே போட்டேன்:
ஃபில்டர் ஒன்று மிச்சம்,
பட்டறைக் கூலி மிச்சம், அரைநாள் வாடகை மிச்சம்.
கேனில் பனிமலைப் படம்.
காரைக்குடிக்கு எதற்குப் பனி என்றேன்.
"சித்திரைக்கும் இளகாது" என்றார்,
மலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.

ஆர்.சி.யில் எழுதிய எடை வேறு.
மூட்டை ஏற்றுகிறவர்கள் ஆர்.சி. படிப்பதில்லை.
அதையும் யோசித்து,
பத்துமில்லை ஐந்துமில்லை, எட்டாயிரம் என்று வைத்தேன்.
ஆறு லிட்டர்.
வண்டி சேவுகனுக்கும் எனக்கும் பாதிப் பாதி,
எண்ணெயும் அப்படியே.
கதவின் உட்புறம் மார்க்கரால் எழுதினான் சவரிமுத்து:
61,240.
கீழே, 69,240.

விலை கூடப் போட்டதை
தினமும் குச்சி இழுத்துப் பார்க்கத் தோன்றியது.
முதல் நாள் தேன்.
மூன்றாம் நாள் கருப்பட்டிப் பாகு.
ஏமாந்துவிட்டேன் என்று ஓடினேன்.
"டீசல்னா கறுக்கும்.
அழுக்கைத் தூக்கி வச்சிருக்கு, அவ்வளவுதான்.
நிறத்தைப் பாக்காத, நம்பரைப் பாரு."

நம்பரைப் பார்த்தேன்.

ஒரு மாதத்தில்
என் நோட்டில் ஆயிரத்து எண்ணூற்று எழுபது.
மீட்டரில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
மறுபடி கூட்டினேன், பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில்.
ஆயிரத்து எண்பது கிலோமீட்டர்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

பின்கதவுக் கொண்டியில்
ஒரு மீன் செதில், காய்ந்து, கண்ணாடிபோல.
நாங்கள் ஏற்றுவது அரிசி.
தொண்டி போய்வந்தால் நூற்றிருபது.
ஒன்பது இரவு.

கேட்கவில்லை.
"எண்ணெய் மாத்துற நாள் முன்னாடியே வரும்போல" என்றேன்.
"எவ்வளவு முன்னாடி?"
"ஓடுறதைப் பொறுத்து."
சேவுகன் டயரை மிதித்துப் பார்த்தான்,
காற்று சரியாக இருந்த டயரை.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில்
ஐந்நூறு ரூபாய்த் தாள் மூன்றை
என் கிளாசுக்கு அடியில் வைத்தான்.
"எண்ணெய்க்கு."
அவன் பாதி அன்றைக்கே வந்துவிட்டது.
நான் அதைச் சொல்லவில்லை.
மீதியும் தரவில்லை.
ஐந்தொகை எழுதும்போது மட்டும்
எந்தத் தலைப்பில் வைப்பதென்று தெரியாமல்
எண்ணெய் வரவு என்று எழுதினேன்.
எண்ணெயில் எப்போது வரவு வந்தது?

நேற்று இரவு ஒன்றே முக்காலுக்கு
வண்டி கிளம்பியது.
படுத்தபடியே கேட்டேன்.
முன்பெல்லாம் முதல் நாலு வினாடி
தகர டப்பாவில் கல் உருட்டுகிற சத்தம் வரும்.
இப்போது அது இல்லை.
ஒரு செருமல், பிறகு சீராக,
தேவகோட்டை ரோட்டில் திரும்பும்வரை.
நல்ல எண்ணெய்தான்.